பிக்கப்பின் அலாய் வீலும் ஸ்டியரிங்கும்: ஒரே தடவையில் இரண்டையும் பார்க்க முழு வழிகாட்டி

பிக்கப் வைத்திருப்பவர்களில் பலர் அலாய் வீலை அழகுக்கான பொருளாகவும், ஸ்டியரிங்கை மெக்கானிக் பார்த்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரமாகவும் பிரித்து வைத்திருக்கிறார்கள். வீலை வாராவாரம் ஷாம்பூ போட்டுக் கழுவுவார்கள். ஸ்டியரிங் பக்கம் சத்தம் வரும் வரை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உண்மையில் ரிம்மில் தொடங்கி நம் கையிலுள்ள ஸ்டியரிங் வரை எல்லாம் ஒன்றோடொன்று கோத்த சங்கிலிதான். பேலன்ஸ் கெட்ட வீல் ஒவ்வொரு சுற்றிலும் டை ராடு எண்டை (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் கம்பியின் முனை மூட்டை) உதறுகிறது. தேய்ந்த டை ராடு எண்ட் டயரைத் தின்கிறது. வீல் நட்டுகளை ஏற்ற இறக்கமாக முறுக்கினால் பிரேக் டிஸ்க் நேராக உட்காராமல், பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது. வந்த கோளாறு ஒரு இடம், காட்டும் இடம் வேறு.

கார்களைவிட பிக்கப்பில் இது சீக்கிரம் வெளியே தெரியும். டயர் கனமானது, பாரம் ஏறுகிறது, பாதை கரடுமுரடு. போதாததற்கு உரிமையாளர்கள் அகலமான ரிம், ஸ்பேசர், லிஃப்ட் கிட் என்று மாட்டிவிடுகிறார்கள். ரிம் வெளியே தள்ளத் தள்ள வீல் பேரிங், பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்பவும் மேலும் கீழும் அசையவும் விடும் குண்டு மூட்டு), டை ராடு எல்லாவற்றுக்கும் நெம்புவிசை கூடுகிறது. வண்டியை உயர்த்தினால் டை ராடு சாய்வாக நிற்கும். மேடு பள்ளத்தில் வீல் மேலும் கீழும் போகும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாகத் திரும்பப் பார்க்கும். கம்பீரமாகத் தெரிகிறது என்பதற்காகச் செய்யும் இந்த மாற்றங்களுக்கு, பராமரிப்பு இடைவெளியைப் பாதியாகக் குறைக்கத் தயாராக இருப்பவர்கள் மட்டுமே போக வேண்டும் என்பது என் கருத்து.

ஆகவே இந்த வழிகாட்டியின் முறை எளிது: டயர் ரொட்டேஷனுக்காக (டயர்களை இடம் மாற்றிப் போடுவதற்காக) வீலைக் கழற்றும்போது, அதாவது சுமார் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, வீல், ஹப் (வீல் மாட்டப்படும் நடுப்பகுதி), ஸ்டியரிங் மூன்றையும் ஒரே இருப்பில் முடித்துவிடுவது. முதல் முறை ஒரு முழு நாள் பிடிக்கலாம். பழகிவிட்டால் அரை நாள் போதும்.

தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு

முதலாவது, உங்கள் ரிம்மின் மேற்பூச்சு என்ன என்பது. கம்பெனியிலிருந்து வரும் பெரும்பாலான அலாய் வீல்களின் மேல் பெயிண்டும் அதன் மேல் நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட்டும் இருக்கும். முகம் மட்டும் கடைசல் செய்து பளபளப்பாக விட்டிருந்தாலும் அதன் மேலும் கிளியர் கோட் உண்டு. சில ரிம்கள் பூச்சே இல்லாமல் பாலிஷ் மட்டும் செய்தவை. சிலவற்றில் குரோம் முலாம் இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: மறைவான ஒரு மூலையில் வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பாலிஷ் வைத்துத் தேயுங்கள். துணி கறுத்தால் அது பூச்சில்லாத அலுமினியம். கறுப்பது உலோகத்தின் ஆக்சைடு. கறுக்காவிட்டால் கிளியர் கோட் அல்லது குரோம். இது தெரியாமல் பாட்டில் வாங்கினால் பணமும் போகும், ரிம்மும் போகும்.

இரண்டாவது, உங்கள் ஸ்டியரிங் எந்த வகை என்பது. இன்றைய நடுத்தர பிக்கப்களில் பெரும்பாலும் ரேக் அண்ட் பினியன். இதில் இரண்டு உள் டை ராடு, இரண்டு வெளி டை ராடு எண்ட் என்று நான்கு மூட்டுகள்தான். கனரக பிக்கப்களிலும், முன்பக்கம் முழு ஆக்சில் (இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திடமான அச்சு) உள்ளவற்றிலும் ஸ்டியரிங் பாக்ஸ் இருக்கும். அதிலிருந்து பிட்மேன் ஆர்ம், டிராக் லிங்க் அல்லது சென்டர் லிங்க், ஐட்லர் ஆர்ம், டை ராடுகள் என்று அசைவைக் கடத்தும் கம்பிகளும் அவற்றின் மூட்டுகளும் கூடுதல். மூட்டு கூடக் கூட ஆட்டம் சேரும் இடமும் கூடுதல். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து ஒருமுறை பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: தாங்கும் திறன் போதுமான ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, வீல் கட்டைகள், டார்க் ரெஞ்ச் (நட்டை அளந்த விசையில் முறுக்கும் கருவி), கிரீஸ் கன், கம்பி பிரஷ், நைலான் தேய்ப்புப் பட்டை, பி.எச். நடுநிலையான வீல் கிளீனர், தனித்தனியாக இரண்டு வாளி, புதிய ஸ்பிளிட் பின்கள் (நட்டு கழலாமல் தடுப்பவை), கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி. வண்டியோடு வரும் ஜாக்கி வழியில் டயர் மாற்ற மட்டும். அதை நம்பி அடியில் படுக்கக் கூடாது.

வண்டி தரையில் இருக்கும்போதே செய்ய வேண்டியது

தூக்குவதற்கு முன் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். கோளாறு எப்போது தலைகாட்டுகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. மணிக்கு 80 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கி, அதைத் தாண்டினால் குறைந்தால் வீல் பேலன்ஸிங்கில் சந்தேகம். பிரேக் மிதித்தால் மட்டும் நடுங்கினால் டிஸ்க். நேரான, சமமான சாலையில் ஒரு பக்கம் இழுத்தால் முதலில் காற்றழுத்தம், பிறகு அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்). மெதுவாகத் திருப்பும்போது அடியிலிருந்து டக் என்று கேட்டால் பால் ஜாயிண்ட் அல்லது டை ராடு எண்ட். ஸ்டியரிங் கம்பத்துக்குள்ளேயே உரசுவதுபோல் கையில் உணர்ந்தால் நடு ஷாஃப்டில் உள்ள சிலுவை மூட்டு.

முழு ஆக்சில் வண்டிகளுக்கே உரிய ஒரு பயங்கரம் உண்டு. ஒரு மேட்டில் ஏறியதும் முன்பக்கம் முழுவதும் வெறிபிடித்ததுபோல் ஆடத் தொடங்கி, வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். டிராக் பார் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ், அதன் போல்ட் துளை, பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் ஆகியவற்றில் எங்கோ தளர்வு இருக்கிறது என்று பொருள். பலர் உடனே புதிய ஸ்டியரிங் டேம்பரை (ஆட்டத்தை அடக்கும் ஷாக்) மாட்டிவிடுகிறார்கள். ஆட்டம் சில மாதங்களுக்கு மறைந்திருக்கும், தளர்வோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். டேம்பர் நோயைத் தீர்க்காது, காய்ச்சலை மட்டும் இறக்கும்.

டயரின் முகத்தையும் கையால் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழு, எதிர்த்திசையில் ரம்பப் பல்போல் கீறினால் டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் கோணம்) சரியில்லை. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளோ வெளியோ சாயும் கோணம்) அல்லது தேய்ந்த பால் ஜாயிண்ட். அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்ஸையோ சந்தேகியுங்கள்.

அடுத்து வருவதுதான் எல்லாச் சோதனைகளிலும் சிறந்தது. டயர்கள் தரையில் அழுந்தி நிற்கட்டும், எஞ்சின் ஓடட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை பார்க்கில் அல்லது நியூட்ரலில் வைத்து, பின் டயர்களுக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக, டயர் லேசாக அசையும் அளவுக்கு மட்டும், விடாமல் ஆட்ட வேண்டும். நீங்கள் வெளியே பக்கவாட்டில் குனிந்து, டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். டயரின் பாதையில் உடம்பை வைக்காதீர்கள். மூட்டின் ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் தாமதமாக நகர்ந்தால் ஆட்டம் அங்கேதான். டயரின் பாரம் எதிர்த்து நிற்பதால், தூக்கி வைத்துப் பார்க்கும்போது தெரியாத தளர்வும் இதில் பளிச்சென்று தெரியும். ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸோடு பிணையும் போல்ட்டுகளையும் இப்போதே பாருங்கள். பாக்ஸே அசைகிறது என்றால் மற்ற மூட்டுகளை மாற்றிப் பயனில்லை.

ஸ்டியரிங் வளையத்தில் எவ்வளவு வெற்று ஆட்டம் இருக்கலாம்? பல தயாரிப்பாளர் கையேடுகள் வளையத்தின் விளிம்பில் அளந்தால் 30 மில்லிமீட்டர் என்பதை மேல்வரம்பாகச் சொல்கின்றன. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் கடைசி வார்த்தை. நல்ல நிலையில் உள்ள ரேக் ஸ்டியரிங்கில் இதைவிட மிகக் குறைவாகவே இருக்கும்.

தூக்கிய பிறகு: 12-6, 9-3

வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) நியூட்ரலில் இல்லை என்று உறுதி செய்யுங்கள். அது நியூட்ரலில் இருந்தால் கியர் பார்க்கில் இருந்தும் வண்டி நகரும். ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கே ஜாக்கி வைப்பது என்பது இங்கே முக்கியம். ஸ்பிரிங் அல்லது டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்போல் வேலை செய்யும் தண்டு) கீழ் ஆர்மில் (சக்கரத்தை சேசிஸோடு இணைக்கும் கீழ்க் கையில்) இயங்கும் வண்டிகளில், கீழ் பால் ஜாயிண்ட்தான் பாரம் தாங்குவது. கீழ் ஆர்முக்கு அடியில், வீலுக்குக் கிட்டே வைத்துத் தூக்கினால்தான் அந்த மூட்டின் மேலிருந்து சுமை இறங்கி ஆட்டம் தெரியும். சேசிஸைத் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மை அழுத்திக்கொண்டிருக்கும். தேய்ந்த மூட்டும் இறுக்கமாக இருப்பதாகவே தோன்றும். முழு ஆக்சில் என்றால் ஆக்சிலுக்கு அடியில் வையுங்கள். கூடவே ஸ்டாண்டும் நிற்கட்டும்.

இப்போது டயரை 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து உள்ளும் புறமும் அசையுங்கள். அசைவு இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். 9 மணி, 3 மணி இடங்களில் அசைத்து ஆட்டம் இருந்தால் டை ராடு பக்கம் பாருங்கள். டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையை வைத்து மெல்ல நெம்பினால் பால் ஜாயிண்டின் மேல்கீழ் ஆட்டம் தெரியும். சில பால் ஜாயிண்டுகளில் கிரீஸ் நிப்பிளைச் சுற்றி ஒரு சிறு கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது உள்வாங்கி அடிப்பரப்போடு சமமாகிவிட்டால் மூட்டு தேய்ந்துவிட்டது. இதை மட்டும் வண்டி தன் கால்களில் நிற்கும்போதே பார்க்க வேண்டும்.

வீலைக் கழற்றிக் கழுவுதல்

ரிம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வர மறுப்பது அலாய் வீலில் சகஜம். எஃகு ஹப்பும் அலுமினிய ரிம்மும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு நடந்து, நடுத்துளையில் வெள்ளைத் தூளும் துருவும் சேர்ந்து இறுகிவிடும். சுத்தியலால் ரிம்மை அடிக்காதீர்கள். நட்டுகளை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தி, கழற்றாமல் விட்டு, டயரின் பக்கச்சுவரை ரப்பர் சுத்தியலால் மாறி மாறித் தட்டினால் விட்டுக்கொடுக்கும். பிடிவாதம் பிடித்தால் ஊடுருவும் எண்ணெயை நடுத்துளை ஓரமாக மட்டும் விட்டுக் காத்திருங்கள். டிஸ்க்கில் பட்டால் பிரேக் கிளீனரால் துடைத்தே ஆக வேண்டும்.

கழற்றிய ரிம் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கெமிக்கல் பட்டால் உடனே காய்ந்து கறை பிடிக்கும். முதலில் நிறைய தண்ணீர் அடித்து மண்ணை இறக்குங்கள். பிறகு கிளீனர். பிரேக் தூள் வெறும் அழுக்கு அல்ல. அதில் சூடான இரும்புத் துகள்கள் உண்டு. அவை கிளியர் கோட்டில் பதிந்து துருப்பிடிக்கும். சாதாரண ஷாம்பூவுக்கு அவை மசியாவிட்டால் இரும்பு நீக்கித் திரவத்தைத் தெளியுங்கள். இரும்போடு சேர்ந்ததும் அது ஊதா நிறமாகும். காயவிடாமல் சில நிமிடங்களில் கழுவிவிட வேண்டும். வண்டியின் பாடியைக் கழுவும் வாளியும் வீல் கழுவும் வாளியும் வேறாக இருக்கட்டும். அந்தத் தூள் பெயிண்டில் கீறல் போடும்.

எதைத் தொடக் கூடாது? ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் கலந்த கிளீனர். காஸ்டிக் சோடா உள்ள அடுப்பு கிளீனர், எஞ்சின் டிகிரீஸர் வகைகள். ஸ்டீல் உல், எஃகுக் கம்பி பிரஷ். அலுமினியத்தை அமிலமும் தின்னும், கடும் காரமும் தின்னும். எஃகுக் கம்பியிலிருந்து உதிரும் துகள் அலுமினியத்தில் பதிந்து புதிய அரிப்புக்கு விதை போடும். தானியங்கிக் கழுவு நிலையங்களில் ரிம்முக்குத் தெளிக்கும் திரவம் என்னவென்று கேட்காமல் பூச்சில்லாத ரிம்மோடு உள்ளே போகாதீர்கள்.

ரிம்மின் பின்பக்கம்தான் பலரும் கழுவாத இடம், பார்க்க வேண்டியதும் அதுதான். சேறு ஒரு பக்கமாகக் காய்ந்து ஒட்டியிருந்தாலே பேலன்ஸ் கெட்டு ஸ்டியரிங் நடுங்கும். சேற்றுப் பாதையில் போய் வந்த மறுநாள் திடீரென்று நடுக்கம் தொடங்கினால், பட்டறைக்கு ஓடும் முன் பின்பக்கத்தைக் கழுவிப் பாருங்கள். கழுவிய பின் உள் விளிம்பில் வளைவு, ஆரக்கால் அடியில் விரிசல், நட்டு உட்காரும் குழியில் நசுங்கல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விரிசல் கண்ட ரிம் கழிக்க வேண்டியதுதான். வெல்டு வைத்த ரிம்மை முன் அச்சில் ஓட்டுவதை நான் ஏற்க மாட்டேன். அலுமினிய ரிம்மின் வலு அதற்குக் கொடுத்த வெப்பப் பதத்தில் இருக்கிறது. வெல்டின் சூடு அந்த இடத்தில் பதத்தைக் கலைத்துவிடும். இதே காரணத்துக்காக, பவுடர் கோட்டிங் செய்பவரிடம் எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு நேரம் சூளையில் வைப்பார் என்று கேட்பது நல்லது. 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீண்ட நேரம் வைத்தால் உலோகம் இளகிவிடும்.

மேற்பூச்சைக் காப்பது

கிளியர் கோட் உள்ள ரிம்முக்கு பாலிஷ் வேண்டாம். வேண்டியது வீல் சீலன்ட் அல்லது மெழுகு, சில மாதங்களுக்கு ஒருமுறை. கல் தெறித்துப் பூச்சு உடைந்த இடத்தை அப்படியே விட்டால், அங்கிருந்து புழு ஊர்ந்த தடம்போல் வெள்ளைக் கோடுகள் பூச்சுக்கு அடியில் படரும். ஈரமும் உப்பும் உள்ளே புகுந்து, பூச்சைத் தூக்கிக்கொண்டே அரிப்பு முன்னேறுகிறது. சின்னக் காயமாக இருக்கும்போதே நுண்ணிய தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, டச்-அப் கிளியர் தொட்டுவிட்டால் பல ஆண்டுகள் நிற்கும். பாதி ரிம்முக்குப் படர்ந்துவிட்டால் ஒட்டுப்போடுவது வீண். அலுமினியத்துக்கு ஏற்ற பெயிண்ட் நீக்கியால் முழுதும் உரித்து மறுபூச்சு பூச வேண்டியதுதான்.

பூச்சில்லாத பாலிஷ் ரிம் வைத்திருப்பவர்களுக்கு வேலை ஓய்வதே இல்லை. மங்கிவிட்டால் மெட்டல் பாலிஷும் மென்துணியும் போதும். ஆழமான கீறல், குழி அரிப்பு என்றால் 400 எண் தண்ணீர்த் தாளில் தொடங்கி 600, 800, 1000, 1500, 2000 என்று ஏற வேண்டும். ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய தாளின் கோடுகள் முழுவதும் மறையும் வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். அவசரப்பட்டுத் தாண்டினால் கடைசிப் பளபளப்பில் அந்தக் கோடுகள் எல்லாம் எழுந்து வரும். முடிந்ததும் சீலன்ட் பூசாமல் விட்டால் ஈரக்காற்றில் சில வாரங்களில் பழைய கதைதான்.

மெல்லக் காற்று இறங்கும் ரிம்

ஆணியும் இல்லை, வால்வும் சரி, ஆனாலும் சில வாரங்களுக்கு ஒருமுறை காற்று குறைகிறது என்றால், டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் அலுமினியம் அரித்திருக்கலாம். ரிம் ஓரத்தைச் சுற்றி சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். டயரைப் பிரித்து, அந்த வட்டத்தை நைலான் பட்டையால் வழுவழுப்பாகும் வரை தேய்த்து, துடைத்து, பீட் சீலர் (டயர் விளிம்பின் கசிவை அடைக்கும் பசை) பூசி மாட்டினால் சரியாகும்.

காற்றழுத்த சென்சார் உள்ள வண்டிகளில் வால்வுத் தண்டே பெரும்பாலும் அலுமினியம். அதற்குள் பித்தளை வால்வு கோரையோ வெளியே பித்தளை மூடியையோ போட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, திருகும்போது தண்டே முறியும். நிக்கல் முலாம் பூசிய கோர், பிளாஸ்டிக் மூடி. இவ்வளவுதான் வைத்தியம். பேலன்ஸ் எடையும் பூச்சு உள்ளதாகவோ ஒட்டும் வகையாகவோ இருக்கட்டும். வெறும் ஈயமோ எஃகுக் கிளிப்போ ரிம் உதட்டைக் கடித்தால் அந்த இடத்தில் அரிப்பு நிச்சயம்.

வீல் வெளியே இருக்கும்போது ஸ்டியரிங் மூட்டுகள்

ரப்பர் உறைகளிலிருந்து தொடங்குங்கள். மூட்டு சாவதற்கு முன் அதன் உறைதான் கிழிகிறது. கிரீஸ் வெளியேறி, மண்ணும் நீரும் உள்ளே போன பிறகு அந்த மூட்டுக்கு ஆயுள் அதிகம் இல்லை. ரேக் உள்ள வண்டியில் மடிப்பு மடிப்பான பெரிய உறைகளையும் அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தளும்பினால் ரேக்கின் உள் சீல் போய்விட்டது. உறை மட்டும் கிழிந்திருந்தால், உள் டை ராடு துருப்பிடிக்கும் முன் உறையை மாற்றிவிட்டால் பெரிய செலவு தப்பும்.

நிப்பிள் உள்ள மூட்டுகளுக்கு கிரீஸ் அடிக்கும் முன் நிப்பிளின் தலையைத் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் கிரீஸ் கன்னே மண்ணை உள்ளே தள்ளும். என்.எல்.ஜி.ஐ. 2 தரத்தில் (கிரீஸின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்), சேசிஸ் மூட்டுகளுக்கென்று குறிப்பிட்ட லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ் பொதுவாகப் பொருந்தும். மெதுவாக அழுத்துங்கள். உறை லேசாகப் புடைக்கத் தொடங்கியதும், அல்லது வெளியேறும் வழியில் புதிய கிரீஸ் எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள். உறையைப் பலூன் ஆக்கினால் கிழியும். முழங்கால் ஆழ நீரில் வண்டி இறங்கியிருந்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் கிரீஸ் அடித்துவிடுவது நல்லது. நிப்பிள் இல்லாத மூட்டு ஆயுளுக்கும் அடைக்கப்பட்டது. உறையைக் குத்தி ஊசியால் கிரீஸ் ஏற்றும் சில்லறை வித்தைகள் வேண்டாம்.

டை ராடு எண்ட் மாற்றவேண்டி வந்தால்:

1. லாக் நட்டை முதலில் அரைச் சுற்று தளர்த்துங்கள். அதன் இடத்தில் பெயிண்டால் கோடு போட்டு, வெளியே தெரியும் மரைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஸ்பிளிட் பின்னை உருவி, கேஸ்டில் நட்டை (பின் போக தலையில் வெட்டுகள் உள்ள நட்டை) முழுதும் கழற்றாமல் கடைசி சில மரைகளில் நிறுத்துங்கள். மூட்டு திடீரென்று விட்டுக்கொடுத்தாலும் நட்டு தாங்கும்.

3. திருகும் வகை டை ராடு புல்லரால் பிரியுங்கள். பிளவுபட்ட ஆப்பு வைத்து அடித்தால் உறை கிழியும். பழையதை எப்படியும் எறியப் போகிறீர்கள் என்றால் மட்டும் அது பரவாயில்லை.

4. பழையதைச் சுழற்றிக் கழற்றும்போது சுற்றுகளை எண்ணி, புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றுங்கள்.

5. கூம்புத் தண்டும் அதன் துளையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். கையேடு சொல்லும் டார்க் வரை முறுக்குங்கள். பின் துளை பொருந்தாவிட்டால் அடுத்த வெட்டுவரை இறுக்குங்கள். தளர்த்திப் பொருத்தக் கூடாது. பழைய ஸ்பிளிட் பின்னை மறுபடி வளைத்துப் போடும் சிக்கனமும் கூடாது.

6. லாக் நட்டை இறுக்குங்கள். எவ்வளவு கவனமாக எண்ணியிருந்தாலும் இது அலைன்மென்ட் சென்டர் வரை ஓட்டிப் போகத்தான் போதும்.

பவர் ஸ்டியரிங் ஆயில்

ஹைட்ராலிக் வண்டியில் ஆயில் வகைதான் முதல் கேள்வி. சிலவற்றுக்கு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), சிலவற்றுக்குத் தனி பவர் ஸ்டியரிங் திரவம், சிலவற்றுக்கு செயற்கை ஹைட்ராலிக் திரவம். மூடியிலேயே எழுதியிருக்கும். மாற்றி ஊற்றினால் சீல்கள் வீங்கும் அல்லது சுருங்கும். ஆயில் கறுத்துக் கருகல் வாடை அடித்தால் மாற்ற வேண்டும். நுரைத்து வெளிறியிருந்தால் காற்று புகுந்திருக்கிறது.

காற்றை எடுக்க முன் சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை அணைத்தபடியே ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக இருபது தடவை திருப்புங்கள். நடுநடுவே அளவு பார்த்து ஊற்றுங்கள். பிறகுதான் எஞ்சினைப் போட வேண்டும். எடுத்தவுடன் எஞ்சினைப் போட்டால் பம்ப் காற்றையும் ஆயிலையும் கடைந்து நுரையாக்கிவிடும். ஓட்டும்போதும் ஸ்டியரிங்கைக் கோடியில் அழுத்திப் பிடித்துச் சில வினாடிகளுக்கு மேல் நிற்காதீர்கள். அந்த நேரத்தில் பம்ப் முழு அழுத்தத்தில் சூடாகிறது.

எலெக்ட்ரிக் ஸ்டியரிங்கில் ஆயில் இல்லை. பேட்டரி பலவீனமானாலோ எர்த் இணைப்பு துருப்பிடித்தாலோ ஸ்டியரிங் கனத்து எச்சரிக்கை விளக்கு எரியும். மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் பேட்டரி முனைகளைப் பாருங்கள்.

திரும்ப மாட்டுதல்

ஹப்பின் முகத்தையும் ரிம் அதன்மேல் உட்காரும் பரப்பையும் துரு இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். ஹப்பில் கம்பி பிரஷ் போடலாம். ரிம்மில் நைலான் பட்டை மட்டும். இடையில் சிக்கிய சிறு துருச் செதிலே வீலைக் கோணலாக உட்காரவைக்கும், நாளடைவில் நட்டையும் தளரவைக்கும். ஹப்பின் நடு வளையத்தில் மட்டும் ஆன்டி-சீஸ் பசையை மிக மெல்லியதாகத் தடவினால் அடுத்த முறை ரிம் சுலபமாக வரும். ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) மரையில், நட்டின் கூம்பில் தடவாதீர்கள். வழுக்கல் கூடினால் அதே டார்க்கில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். கையேடுகளில் உள்ள எண்கள் பெரும்பாலும் காய்ந்த மரைக்கானவை.

நட்டின் அடிவடிவம் ரிம்முக்குப் பொருந்த வேண்டும். கூம்பு, உருண்டை, வாஷரோடு தட்டை என்று மூன்று வகை உண்டு. எஃகு ரிம்மின் நட்டை அலாய் ரிம்மில் போட்டால் இறுகியதுபோல் தெரியும். தொடுபரப்பு குறைவாக இருப்பதால் அலுமினியம் நசுங்கி, நட்டு தளரும். ஸ்டெப்னி எஃகு ரிம்மாக இருந்தால் அதற்கு எந்த நட்டு என்பதை இப்போதே பார்த்து வையுங்கள், இருட்டில் மழையில் பார்க்க வேண்டாம்.

எல்லா நட்டுகளையும் முதலில் விரலால் சில சுற்று ஏற்றுங்கள். இம்பாக்ட் கன்னால் தொடங்கினால் மரை கோணலாகப் பிடிக்கும். பிறகு எதிரெதிராக, நட்சத்திர வரிசையில், முதல் சுற்று பாதி டார்க், வண்டியை இறக்கிய பின் இரண்டாவது சுற்று முழு டார்க். எண் வண்டிக்கு வண்டி வெகுவாக மாறும். நடுத்தர பிக்கப்பில் 110 நியூட்டன் மீட்டர் அளவில் இருப்பதும் உண்டு, பெரியவற்றில் 200 வரை போவதும் உண்டு. பக்கத்து வண்டிக்காரர் சொன்ன எண்ணை நம்பாமல் கையேட்டைத் திறந்து பாருங்கள். டார்க் ரெஞ்ச் ஒரு தடவை கிளிக் என்றால் போதும். உறுதிக்காக இன்னொரு இழு இழுக்கும் பழக்கம் அளவுகோலையே வீணாக்குகிறது.

டை ராடு, பால் ஜாயிண்ட், ஆர்ம் எதைத் தொட்டிருந்தாலும் அலைன்மென்ட் கட்டாயம். வரிசை முக்கியம்: முதலில் தளர்ந்த மூட்டுகள், பிறகு பேலன்ஸிங், கடைசியில் அலைன்மென்ட். ஆட்டம் உள்ள மூட்டை வைத்துக்கொண்டு செய்த அலைன்மென்ட் இயந்திரத்தை விட்டு இறங்கியதுமே மாறிவிடும். வழக்கமாகப் பின்னால் பாரம் ஏற்றி ஓட்டுபவர் அதை அலைன்மென்ட் செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் எழும்பினால் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாயும் கோணம்) மாறும். ஸ்டியரிங் கோண சென்சார் உள்ள வண்டியில் அதை மறுபடி பூஜ்யத்துக்கு அமைத்தாரா என்று கேட்டுவிட்டு வெளியே வாருங்கள். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அமைக்கவில்லை என்று அர்த்தம்.

80 முதல் 150 கிலோமீட்டர் ஓடிய பிறகு, வீல் ஆறியிருக்கும்போது, நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். புது ரிம், புது ஸ்டட், மறுபூச்சு பூசிய ரிம் என்றால் இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். நட்டுக்கு அடியில் பூச்சு நசுங்கி இடம் விடும். ஏதாவது ஒரு நட்டு மட்டும் திரும்பத் திரும்பத் தளர்ந்தால் அதை இறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள்; வீலைக் கழற்றி அந்த ஸ்டட்டையும் ரிம்மின் குழியையும் பாருங்கள்.